பச்சை அட்டை மாப்பிள்ளை!



முகூர்த்தப் பட்டு நெய்து முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். வேலைப்பாட்டைப் பொறுத்தது என்பார். பத்து நாள் என்பார், இருபது நாள் என்பார், சரிகை கூடினால் ஒரு மாதம் என்பார். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரண்டையும் கோர்வை போட்டு ஒன்றாக்குவார். மறுபக்கத்து நாடாவைத் தள்ள ஓர் ஆள் துணைக்கு உட்கார்ந்திருப்பார். "சேலை கிழியலாம், கோர்வை பிரியாது" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்வார்.

அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு மணமேடை ஏறிய பெண், தன் கணவன் வீட்டு வாசற்படியை மிதிக்க எத்தனை நாள் ஆகும்? அதற்கு மட்டும் தறிக்காரரிடம் பதில் இல்லை. பதில் வாஷிங்டனில் இருக்கிறது!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சில நாட்களுக்கு முன் ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். நாற்பதாண்டு தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உழைத்தவர். மகளைப் படிக்க வைத்தவர். கடன் வாங்கிக் கல்யாணம் செய்தவர். கையிலே ஒரு துணிப்பை, பை நிறையக் காகிதம்.

"தம்பி, மாப்பிள்ளைக்கு அமெரிக்காவிலே குடியுரிமை இருக்குது, மறுமாசமே பொண்ணை அழைச்சிக்குவாருன்னு தரகர் சொன்னாரு. ஒன்றரை வருஷம் ஆயிடுச்சி. இன்னும் வரிசையிலே நிக்குதாம். எந்த வரிசை தம்பி அது?"

"ஐயா, மாப்பிள்ளையிடம் இருப்பது குடியுரிமையா, பச்சை அட்டையா?"

"இரண்டும் ஒண்ணுதானே தம்பி?"

ஒன்றல்ல, தோழர்களே, ஒன்றல்ல! அந்த ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டதற்குத்தான் அந்தப் பெண் திண்ணையில் அமர்ந்து நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். நம் பத்திரிகைகள் சிலவும் பச்சை அட்டையைக் 'குடியுரிமை' என்றே எழுதிவிடுகின்றன. பச்சை அட்டை என்பது நிரந்தரமாகத் தங்கி உழைக்கும் உரிமை, அவ்வளவுதான்! ஓட்டுரிமை அதில் இல்லை. மனைவியை உடனே அழைத்துக்கொள்ளும் உரிமையும் அதில் இல்லை.

அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் கணவன்மார் மூன்று வகை.

முதலாமவன் குடிமகன். அவன் மனைவிக்கு, ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு கிடையாது. மனு, ஆவணம், நேர்காணல் என்று காகிதம் மேசைக்கு மேசை நகரும் காலம்தான் காத்திருக்கும் காலம். அதுவே ஓராண்டைத் தாண்டுவது அண்மைக் காலத்தில் வழக்கமாகிவிட்டது.

இரண்டாமவன் தற்காலிக வேலைக்காரன். ஹெச்-1பி விசாவில் போனவன், வேலை போனால் மூட்டை கட்ட வேண்டியவன். அவன் மனைவிக்கு ஹெச்-4 விசா உண்டு. அதற்கும் ஆண்டு வரம்பில்லை. நேர்காணல் கிடைத்தால் விமானம் ஏறலாம்.

மூன்றாமவன்தான் நம் பச்சை அட்டை மாப்பிள்ளை! அவன் மனைவிக்கு மட்டும் வரிசை! எஃப்-2-ஏ என்று அந்த வரிசைக்குப் பெயர்.

விந்தையைப் பாரீர்! நாளைக்கே திரும்பிவிடலாம் என்று எண்ணப்படுகிறவன் மனைவியோடு வாழலாம். வாழ்நாளெல்லாம் இங்கேயே இரு என்று உரிமை பெற்றவனோ தனியே உண்டு, தனியே உறங்க வேண்டும்! இதற்குப் பெயர் சட்டமாம்!

ஏன் இந்த வரிசை? கணக்கைக் கேளுங்கள். பச்சை அட்டைக்காரர்களின் குடும்பத்தாருக்கென ஆண்டுக்கு 1,14,200 இடங்கள் என்பது அந்நாட்டுச் சட்டம் வகுத்த அடிப்படை அளவு. அதில் 100க்கு 77 பங்கு கணவன், மனைவி, 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்கு. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 87,900. காஞ்சிபுரத்துக்கு மட்டுமல்ல, இந்தியாவுக்கு மட்டுமல்ல, உலகம் முழுமைக்கும் அவ்வளவுதான்! மனுக்கள் அதை மிஞ்சினால் வரிசை நீளும், குறைந்தால் சுருங்கும். 2019 ஜூலையில் இந்த வரிசை காலியாகி, விசா உடனே கிடைக்கும் நிலை வந்தது. 2023 ஏப்ரலில் வரிசை மறுபடி பின்னுக்குப் போயிற்று. 2020 செப்டம்பர் 8க்கு முன் மனுச் செய்தவர்களுக்கே அந்த மாதம் இந்தியாவில் விசா என்றது அந்நாட்டு வெளியுறவுத் துறையின் பட்டியல். எனவே "எங்கள் உறவுக்காரப் பெண் ஒரே வருடத்தில் போய்விட்டாள்" என்ற பேச்சை நம்பி நாள் குறிக்காதீர்கள். அவள் போன ஆண்டு வேறு, உங்கள் பெண் நிற்கும் ஆண்டு வேறு!

சரி, வரிசையை நாம் இன்றே உடைக்க முடியாது. வரிசையில் எங்கே நிற்பது என்பதையாவது அறிந்துகொள்ளலாமல்லவா? அறிவு ஏழைக்கு விலக்கப்பட்ட கனியா என்ன? சொல்கிறேன், கேளுங்கள்.

முதற்செய்தி, முகூர்த்தத்துக்கு முன்பே அறிய வேண்டியது. மாப்பிள்ளை வேலை வழியே பச்சை அட்டைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறவரானால், அட்டை கைக்கு வருமுன் திருமணம் முடிந்திருக்க வேண்டும். அப்படி முடிந்தால், கணவனுடைய இடத்தைப் பற்றிக்கொண்டே மனைவியும் பின்தொடரலாம். புதிய மனு வேண்டியதில்லை, புதிய வரிசையும் இல்லை. அட்டை வந்த மறுநாள் தாலி கட்டினால், அவள் வரிசையின் வாலுக்குப் போகிறாள்! ஒரு நாள் வேறுபாடு, ஓராண்டல்ல, ஈராண்டல்ல, அதற்கு மேலும் ஆகலாம். சோதிடரைக் கேட்டு நாள் பார்க்கிறோமே, சட்டத்தைக் கேட்டு நாள் பார்த்தோமா? அட்டை வந்துவிட்ட பிறகு, 'நிச்சயம் முடிந்திருக்கிறது' என்று மனுப்போடவும் வழியில்லை. மணமகளாகப் போகிறவளை அழைக்கும் விசா, குடிமகனுக்கு மட்டுமே உண்டு.

இரண்டாவது, திருமணப் பதிவு. தாலி கட்டிய திருமணமானாலும், மாலை மாற்றிய திருமணமானாலும் சட்டப்படி ஒன்றே. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் சட்டமன்றத்தில் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் அந்த உரிமையைத் தந்தது. மணம் நடந்த நாட்டில் அது செல்லுமானால், அமெரிக்காவும் பொதுவாக அதை ஏற்கிறது. ஆனால் சான்றிதழ் வேண்டும்! தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, எந்தச் சமயத்தார் திருமணமானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள். விருந்தினர் விடைபெறுவதற்கு முன்பே பதிவு அலுவலகம் போய்விடுங்கள்.

மூன்றாவது, மனு. ஐ-130 என்பது அதன் எண். அது அரசின் கைக்குப் போய்ச் சேரும் நாள்தான் பெண்ணுக்கு உரிய 'முன்னுரிமைத் தேதி'. நியாயவிலைக் கடையில் விடியற்காலை பையை வைத்து இடம் பிடிக்கிறோமே, அதே கதைதான். பையை வைத்த நேரம்தான் கணக்கு. அரிசி வந்த நேரம் அல்ல. இந்தப் பெரியவர் வீட்டில் நடந்தது என்ன தெரியுமா? திருமண ஆல்பம் அச்சாகி வரட்டும், எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பலாம் என்று எட்டு மாதம் காத்திருந்தார்கள். ஆல்பத்துக்காக எட்டு மாதம்! தோழர்களே, அந்த எட்டு மாதத்தை இனி எந்த அரசும் திருப்பித் தராது. சான்றிதழும் சில புகைப்படங்களும் போதும், மனுவை அனுப்புங்கள். சேர்ந்து வாழ்ந்ததற்கான மற்றச் சான்றுகளை, பயணச் சீட்டை, பணம் அனுப்பிய ரசீதை, கடிதத்தை, பின்னால் கேட்கும்போது காட்டச் சேர்த்து வையுங்கள். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணம், காகிதத்தில் அனுப்பினால் 675 டாலர், இணையவழி அனுப்பினால் 625 டாலர். அனுப்பும் நாளில் உள்ள கட்டணத்தைச் சரிபார்த்து அனுப்புங்கள். தொகை தவறினால் மனு திரும்பி வரும், பிடித்த இடமும் போகும்.

நான்காவது, குடியுரிமை. பச்சை அட்டையோடு ஐந்தாண்டு வாழ்ந்தவர் குடிமகனாக விண்ணப்பிக்கலாம். ஐந்தாண்டு நிறைய 90 நாள் இருக்கும்போதே விண்ணப்பத்தைப் போடலாம். அவர் குடிமகனானதும், முன்பே போட்ட மனு அப்படியே மேலே ஏறும். மனைவி வரிசையை விட்டு வெளியே வந்துவிடுவாள். சான்றை உரிய அலுவலகத்துக்கு அனுப்பித் தெரிவிக்க வேண்டியது கணவன் கடமை. ஆனால் இங்கே ஒரு படுகுழி! எஃப்-2-ஏ வரிசையில் தாயின் மனுவோடு ஒட்டிக்கொண்டு போகும் குழந்தை, தந்தை குடிமகனானதும் அந்த மனுவிலிருந்து விழுந்துவிடும். தாய்க்கு விசா, தொட்டில் பிள்ளைக்கு இல்லை! ஆகவே பிள்ளைக்கென்று தனி மனு போட வேண்டும். செலவுதான். ஆனால் தாயையும் சேயையும் பிரிப்பதைவிடச் சிறிய செலவு!

ஐந்தாவது, குறுக்கு வழி வேண்டாம். 'சுற்றுலா விசாவில் போய்விடலாம், கணவன் அங்கிருப்பதை மறைத்துவிடலாம்' என்று சொல்லித்தரும் தரகர்கள் உண்டு. நம்பாதீர்கள்! பொய் சொல்லி விசா கேட்டதாக முடிவானால், வாழ்நாள் முழுதும் நுழைவுத் தடை வரும். மாப்பிள்ளையே வேலையை விட்டு இங்கு வந்து ஆண்டுக்கணக்கில் இருந்துவிடலாமா? முன் அனுமதியின்றி ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் அட்டைக்கே ஆபத்து. ஆறு மாதம் தாண்டினாலும் குடியுரிமைக்கான கணக்குக் கெடக்கூடும். அவள் போனால் அனுமதி இல்லை. அவன் வந்தால் அட்டை இல்லை! இதுதான் அந்த நாட்டின் அன்புப் பரிசு.

பெயரிலும் ஒரு வேடிக்கை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே தொங்கும் சாதிப் பட்டத்தை வெட்டி எறியச் சொன்னது. நாடு கேட்டது. தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் போதும் என்று நிமிர்ந்தோம். அமெரிக்கப் படிவமோ 'குடும்பப் பெயர் எங்கே?' என்கிறது. கடவுச்சீட்டில் ஒரே பெயர்தான் இருந்தால், 'முதற்பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் மூன்றெழுத்தை விசாவில் அச்சடித்துவிடுகிறார்கள்! பெற்று வளர்த்துப் பெயரிட்ட பெண்ணுக்குப் பெயர் தெரியவில்லையாம்! பட்டத்தைத் திரும்ப ஒட்டிக்கொள்ளத் தேவையில்லை. பிறப்புச் சான்று, கடவுச்சீட்டு, திருமணச் சான்று மூன்றிலும் பெயரும் முதலெழுத்தின் விரிவும் ஒரேமாதிரி இருக்கச் செய்யுங்கள், போதும்.

சென்று சேர்ந்த பிறகும் ஒன்று நினைவிருக்கட்டும். போய் இறங்கும் நாளில் திருமணமாகி ஈராண்டு ஆகவில்லையானால், பெண்ணுக்குக் கிடைப்பது ஈராண்டு அட்டைதான். அது முடிவதற்கு முந்திய 90 நாளில், இருவரும் சேர்ந்து மனுச்செய்து நீக்க வேண்டும் அந்த நிபந்தனையை. 'நான் கையெழுத்துப் போடாவிட்டால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்' என்று மிரட்டும் கணவனும் இருக்கக்கூடும். பெண்ணே, அஞ்சாதே! கொடுமைக்கு ஆளான மனைவி, கணவன் கையெழுத்தின்றித் தானே மனுச்செய்ய அந்த நாட்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. இதைத் தாய்மார்கள் சீர்வரிசையோடு சேர்த்து மகளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு பெரியவர் கேட்டார்: "சட்டமே இப்படித்தான்னா, யாரை நொந்து என்ன தம்பி?"

இல்லை ஐயா, சட்டம் மலையல்ல, மனிதன் எழுதியது! 1979இல் லண்டன் விமான நிலையத்தில், மணம் முடிக்கச் சென்ற ஓர் இந்திய ஆசிரியையைக் கன்னித்தன்மைச் சோதனைக்கு ஆளாக்கினார்கள். பத்திரிகை அம்பலப்படுத்தியது, உலகம் காறித் துப்பியது, சோதனை நின்றது. கணவனைத் தம்மோடு வைத்துக்கொள்ள அனுமதி மறுக்கப்பட்ட மூன்று பெண்கள், பிரிட்டன் அரசையே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்பது செல்லாது என்று 1985இல் தீர்ப்பு வந்தது. அமெரிக்காவிலேயே, பச்சை அட்டைக்காரர்களின் மனைவிமார் ஆண்டுக்கணக்கில் வாடுவது கண்டு, 2000 டிசம்பரில் ஒரு சட்டம் செய்தார்கள். மூன்றாண்டு காத்திருந்தவர்கள் கணவனுடன் சென்று காத்திருக்கலாம் என்று 'வி' விசா தந்தார்கள். அன்றைய தேதிவரை மனுச்செய்தவர்களுக்கு மட்டும் என்று கதவையும் கூடவே சாத்தினார்கள். ஒருமுறை திறந்த கதவை மறுமுறை திறக்க முடியாதா?

காத்திருப்பதா என்று நாம் கேட்கவில்லை. எங்கே காத்திருப்பது என்று கேட்கிறோம். மனு அலுவலகத்தில் காத்திருக்கட்டும், மனைவி கணவனோடு காத்திருக்கட்டும்! இதைக் கேட்க அங்கு வாழும் தமிழருக்கு வாய் இருக்கிறது, குடிமக்களான தமிழருக்கு வாக்கும் இருக்கிறது.

பெரியவரின் மருமகன் பச்சை அட்டை பெற்று நான்காண்டு ஆகிறது என்று காகிதத்தில் கண்டேன். ஐந்தாம் ஆண்டு நிறைய 90 நாள் இருக்கும்போது அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டிய தேதியைக் கணக்கிட்டு, துணிப்பையின் மேலேயே எழுதிக் கொடுத்தேன். பெரியவர் அதை இருமுறை படித்தார். "இந்தத் தேதியை யாருமே சொல்லலியே தம்பி" என்றார்.

தோழர்களே, உங்கள் தெருவிலும் ஒரு துணிப்பை இருக்கும். போய் வாங்கிப் பாருங்கள். கோர்வை போட மறுபக்கம் ஓர் ஆள் வேண்டும்!