கூனித் தொட்டியில் குடியேறும் சிற்றுயிர்கள்

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்போர் நம்மிடையே பலர். அண்மைக் காலமாக மீனுக்குப் பதில் சிவந்த சிறு கூனிகளை வளர்க்கும் வழக்கமும் பரவி வருகிறது. வேம்பநாட்டுக் காயலின் ஆற்றுக்கொஞ்சைக் கண்டு பழகியவர்களுக்கு இவை வியப்பளிக்கும். முழு வளர்ச்சியடைந்த கூனிகூட ஏறக்குறைய 3 செ.மீ. நீளமே இருக்கும். சீனா, தைவான் ஆகிய இடங்களின் ஓடைகளில் வாழும் மங்கல் நிற இனத்திலிருந்து தேர்ந்தெடுத்துப் பெருக்கியவை இவை. திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவைப் போல, கடையும் வீடும் நெருங்கி நிற்கும் இடங்களில் தோட்டம் போட நிலமில்லை. ஓர் அலமாரித் தட்டில் கூனித் தொட்டி வைக்க இடமுண்டு.

தொட்டி வைத்துச் சில வாரங்கள் சென்றபின், கண்ணாடியின் உட்புறத்தில் வெண்புள்ளிகள் துள்ளுவதையும், நூல் போன்ற ஏதோ ஒன்று நெளிவதையும் காண்கிறோம். உடனே மருந்து ஊற்றிவிடலாம் என்றே எவருக்கும் தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும். கூனியும் முதுகெலும்பில்லாத உயிரே. சிற்றுயிர்களைக் கொல்லும் மருந்துகளுள் பல, கூனியையும் உடன் கொன்றுவிடும்.

புழு, பூச்சி என்னும் இரு சொற்களுக்குள் இவை எல்லாவற்றையும் அடக்கிவிடுவது நம் வழக்கம். பேச்சுக்கு அது போதும், மருந்துக்குப் போதாது. ஒவ்வொன்றையும் அதனதன் பெயரால் அறிதல் வேண்டும். அதற்கு ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு டார்ச் விளக்குமே போதிய கருவிகள். தாய்க்கூனி தன் வயிற்றின் அடியில் இருபது முப்பது முட்டைகளைச் சுமார் ஒரு மாத காலம் சுமந்து திரிகிறது. பொரிந்து வரும் குஞ்சு 2 மில்லிமீட்டர் அளவே இருக்கும். அக்குஞ்சுக்குத் தீங்கு செய்வது எது, செய்யாதது எது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் தீங்கற்றவற்றைப் பார்ப்போம். துள்ளித் துள்ளி நீந்தும் வெண்புள்ளி பெரும்பாலும் சைக்ளாப்ஸ் ஆகும். பெண் சைக்ளாப்ஸின் வால்புறத்தில் இரண்டு முட்டைப் பைகள் தொங்கும். முன்னாளில் நம் நாட்டில் நரம்புச் சிலந்தி நோய் பரவியது இவ்வுயிரின் வழியேதான். நோய்ப் புழுவின் இளநிலையை உடலில் தாங்கிய சைக்ளாப்ஸைத் தண்ணீரோடு விழுங்கியவர்களை அந்நோய் பற்றியது. இந்தியாவில் அதன் கடைசி நோயாளி 1996ஆம் ஆண்டில் காணப்பட்டார். நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதென 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இன்று நம் தொட்டியில் சைக்ளாப்ஸ் பாசியையும் நுண்ணுயிர்களையும் தின்று வாழ்வதோடு சரி.

எள்ளைப் போல் இரு ஓடுகளுக்குள் ஒளிந்து உருண்டோடும் உயிர் ஆஸ்ட்ரகாட் எனப்படும். மணலில் புதைந்து நெளியும் வெண்ணூல் புழு, எஞ்சிய உணவைத் தின்று மணலைத் துப்புரவு செய்யும் மண்புழுவின் உறவு. இவையிரண்டும் கூனிக்குத் தீங்கற்றவை. ஆனால் இவை நூற்றுக்கணக்கில் பெருகினால், நாம் இடும் உணவு மிகுதி என்பதை அறிந்துகொள்ள வேண்டும். வெண்ணூல் புழுக்கள் மணலை விட்டுக் கண்ணாடியின் மேற்புறம் ஏறி நிற்குமாயின், அடியில் பிராணவாயு குறைந்துவிட்டதென ஐயுறலாம்.

இனிப் பகைவர்கள். கண்ணாடியின்மீது நத்தையைப் போல் வழுக்கிச் செல்லும் தட்டையான புழு பிளனேரியா. அதன் தலை முக்கோண வடிவானது. அதில் இரு கண்புள்ளிகள் தெரியும். இது குஞ்சுகளையும், தோலுரித்துத் தளர்ந்து கிடக்கும் கூனிகளையும் தாக்கும். இதை நசுக்கியோ நறுக்கியோ அழிக்க முயல்வது வீண். ஒரு பிளனேரியாவின் 279இல் ஒரு பங்கு துண்டும் முழுப்புழுவாக வளரக்கூடும் என அமெரிக்க உயிரியல் அறிஞர் தாமஸ் ஹண்ட் மார்கன் 1898ஆம் ஆண்டளவில் கண்டறிந்தார்.

இரண்டாவது பகை ஹைட்ரா. சிறு தண்டும், அதன் நுனியில் விரல்கள் போன்ற கொடுக்குகளும் உடையது; அவற்றால் குஞ்சைக் கொட்டி மயக்கி விழுங்கும். ஹைட்ராவை இரண்டாக வெட்டினால் இரண்டு ஹைட்ராக்கள் ஆவதை ஆப்ரஹாம் டிரெம்ப்ளி ஆராய்ந்து 1744இல் நூலாக வெளியிட்டார். ஆகவே இதையும் கத்தியால் சுரண்டலாகாது. மூன்றாவது, ஊசித்தும்பியின் இளம்பருவம். வால்நுனியில் மூன்று இலை போன்ற தகடுகள் உண்டு. மடிந்திருக்கும் கீழுதட்டைத் திடீரென நீட்டி இரையைப் பற்றும். வளர்ந்த கூனிக்கும் இது எமன்.

கொசுவின் குஞ்சு கூனிக்குப் பகையன்று, நமக்குப் பகை. டெங்கு பரப்பும் கொசு தெளிந்த நீரிலும் முட்டையிடும். தொட்டியின் வாயை மெல்லிய வலையால் மூடினால் கொசுவும் ஊசித்தும்பியும் ஒருங்கே தடுக்கப்படும்.

இவை பெரும்பாலும் நீர்ச்செடிகளோடு வருகின்றன. வெள்ளாயணி ஏரியில் பறித்த செடியாயினும் கடையில் வாங்கிய செடியாயினும், இரண்டு வாரம் தனி வாளியில் வைத்து நோக்கியபின் தொட்டியில் இடுவதே முறை. உணவை இரண்டு மணி நேரத்தில் தின்று தீரும் அளவே இட வேண்டும். மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும். வாரந்தோறும் ரப்பர்க் குழாயால் அடிக்கசடை உறிஞ்சி நீக்குவது நன்று. பிளனேரியாவுக்குப் பொறி வைக்கலாம்: மூடியில் ஊசித்துளைகள் இட்ட சிறு புட்டியில் ஒரு துண்டு இறைச்சியைப் போட்டு இரவில் தொட்டிக்குள் வைத்து, விடியுமுன் எடுத்துவிட வேண்டும். ஊசித்தும்பிக் குஞ்சை இடுக்கியால் பிடித்து அகற்றலாம்.

இவ்வளவும் பயனற்றபின்னரே மருந்து. பிளனேரியாவையும் ஹைட்ராவையும் ஒழிக்க, கால்நடைகளுக்குத் தரும் பென்பெண்டசோல் என்னும் புழுமருந்தும், பாக்கின் சாரத்தால் செய்த மருந்தும் வழங்குகின்றன. ஆம், வெற்றிலையோடு நாம் மெல்லும் அதே பாக்குதான்! அதிலுள்ள அரிகோலின் என்னும் பொருள் தட்டைப்புழுவின் நரம்புகளை முடக்குகிறது. முன்னாளில் நாய்களின் நாடாப்புழுவுக்கும் அதைக் கொடுத்தனர். ஆயினும் கடைத்தெருவில் பாக்கு வாங்கி வீட்டிலேயே கஷாயம் வைத்து ஊற்றலாகாது. எல்லாப் பாக்கிலும் அச்சத்து ஒரே அளவில் இராது. இம்மருந்துகளால் நத்தைகள் மடியக்கூடுமாதலால் அவற்றை முன்னதாக வேறிடம் மாற்றுக. புழுக்கள் கூட்டமாக மடிந்தால் நீர் கெடும். ஆதலால் மறுநாள் நீரில் ஒரு பகுதியை மாற்றுக.

வேறு இரண்டு பொருள்களிலும் எச்சரிக்கை வேண்டும். செப்புக் குடத்து நீர் மனிதருக்கு நல்லதென்பார்கள். கூனித் தொட்டிக்கு அதை ஊற்றலாகாது. கூனியின் இரத்தத்திலேயே செம்பு உண்டு. எனினும் நீரில் கரைந்த செம்பு சிறிதளவே மிகினும் அதைக் கொல்லும். தொட்டியுள்ள அறையில் கொசுமருந்து தெளிப்பதும் அத்தகையதே.

இறுதியாக, கழிக்கும் தொட்டி நீரையும் செடியையும் கரமனை ஆற்றிலோ ஏரியிலோ கொட்டலாகாது. 2018ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப்பின் கேரளத்து நீர்நிலைகளில் அராபைமா போன்ற அயல்நாட்டு வளர்ப்பு மீன்கள் அகப்பட்டதை நாம் அறிவோம். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் நம் நாட்டுக்கே உரிய கூனிகளும் வாழ்கின்றன. அவற்றின் வீட்டுக்குள் அயலாரை ஏவுதல் தகாது. நீரைச் செடிப்பானைக்கு ஊற்றுங்கள். நீர்ச்செடியை வெயிலில் நன்கு உலர்த்தியபின் எறியுங்கள்.