அறுவடை யந்திரமும் அடிப்படை வருமானமும்

நெல் விளையும் ஊர்களில் அறுவடைக் காலம் நிலமுடையவருக்கு மாத்திரமன்றி ஊராருக்கெல்லாம் வருமானம் தரும் காலமாக நெடுநாள் இருந்துவந்தது. கதிர் அறுப்போர், கட்டுச் சுமப்போர், களத்தில் அடிப்போர், தூற்றுவோர், வைக்கோற்போர் போடுவோர் ஆகிய அனைவரும் தத்தம் உழைப்புக்கு உரியதைக் கூலிநெல்லாகவோ பணமாகவோ பெற்றனர். வயலில் உதிர்ந்த கதிரைப் பொறுக்கிய முதியோர்க்கும் சில படி நெல் கிடைத்தது. இப்பொழுது காவிரிப் பாசனப் பகுதியிலும் பிற நெல் ஜில்லாக்களிலும் அறுத்தல், அடித்தல், தூற்றுதல் ஆகிய மூன்றையும் ஒரே ஓட்டத்தில் செய்து முடிக்கும் யந்திரம் இவ்வேலைகளில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டுவிட்டது. பல ஆட்கள் நாள் முழுதும் செய்த வேலை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிகிறது.

யந்திரத்தின் நன்மையை மறுப்பதற்கில்லை. குறுவை அறுவடையின்போது வடகிழக்குப் பருவமழை முந்திக்கொள்ளுமானால் சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்துவிடும். தக்க சமயத்தில் ஆள் கிடையாமல் நஷ்டமடைந்த விவசாயிகள் பலர். இளைஞர்கள் ஆலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் பட்டணங்களுக்குச் சென்றுவிட்டமையால் யந்திரம் இன்றியமையாததாயிற்று. எனினும் ஊரில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் பெண்களும் வயது முதிர்ந்தோருமே. பட்டணம் செல்ல இயலாத இவர்களுடைய கூலியே முதலில் மறைகிறது. யந்திரத்தினால் மிச்சமாகும் செலவு நிலமுடையவரைச் சேர, இழந்த கூலிக்கு ஈடு எங்கிருந்து வருவது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இங்கிலாந்து தேசத்தின் அனுபவம்

இக்கேள்வி புதியதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இங்கிலாந்து தேசத்துக் கிராமங்களில் இது எழுந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ மெய்க்கிள் என்பவர் 1786-ஆம் ஆண்டையொட்டிக் கதிரடிக்கும் யந்திரத்தை அமைத்தார். அதுவரையில் கோதுமைக் கதிரைக் களஞ்சியத்தில் வைத்துத் தடியால் அடித்துவந்தனர். வேறு வேலையற்ற குளிர்காலத்தில் ஏழைக் குடும்பங்களைக் காத்துவந்தது அவ்வேலையே. யந்திரம் பரவியபொழுது குளிர்காலக் கூலி குறைந்தது. 1830 ஆகஸ்டு மாதம் கெண்ட் ஜில்லாவில் வேலையாட்கள் திரண்டு ஒரு யந்திரத்தை உடைத்தனர். கலகம் தென்ஜில்லாக்கள் எங்கும் பரவிற்று. 'காப்டன் ஸ்விங்' என்னும் கற்பனைப் பெயரால் நிலக்காரர்களுக்கு மிரட்டற் கடிதங்கள் வந்தன, வைக்கோற்போர்கள் தீயிடப்பட்டன. முடிவில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். 400-க்கு மேற்பட்டோர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். இத்தனைக்குப் பின்னும் யந்திரம் நின்றுவிடவில்லை.

அத்தேசத்தில் ஏழைகளுக்கு உதவி இல்லாமற் போகவில்லை; உதவி செய்த முறையிலேதான் குறை இருந்தது. 1795 மே மாதம் பெர்க்ஷயர் ஜில்லாவின் நீதிபதிகள் ஸ்பீனம்லாந்து என்னும் ஊரில் கூடி ஒரு விகிதம் வகுத்தனர். ரொட்டியின் விலையையும் குடும்பத்தின் அளவையும் கணக்கிட்டு, ஒருவனுடைய கூலி அவ்வளவுக்குக் குறையுமாயின் எஞ்சியதை ஊர்வரியிலிருந்து கொடுப்பது என்பது அதன் கருத்து. இது கருணையால் பிறந்த ஏற்பாடே. ஆயினும் இதன் கணக்கைச் சிறிது கூர்ந்து நோக்கவேண்டும். முதலாளி கூலியைக் குறைத்தால் குறைந்த பாகத்தை ஊர் நிரப்பிவிடும். வேலையாள் சற்று அதிகம் சம்பாதித்தால் உதவி அந்த அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே நல்ல கூலி கொடுப்பதால் முதலாளிக்கும் லாபமில்லை; அதிகம் உழைப்பதால் வேலையாளுக்கும் லாபமில்லை. ஆள் வைத்துக்கொள்ளாத சிறு நிலக்காரரும் வரி கொடுத்துப் பெரிய நிலக்காரரின் கூலிச் செலவில் ஒரு பகுதியைச் சுமக்கவேண்டியதாயிற்று. 1834-ஆம் ஆண்டில் சட்டம் மாற்றப்பட்டு இவ்வகை உதவிகள் ஒடுக்கப்பட்டன. அக்காலத்துக் கூலிக் குறைவுக்கு இம்முறை ஒன்றே காரணமன்று எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் காட்டியுள்ளனர். எனினும் உதவியைக் கூலியோடு கட்டிவைத்தலாகாது என்னும் பாடம் நிலைத்து நிற்கிறது.

அடிப்படை வருமானம் என்பது யாது?

இக்குறையற்ற வேறொரு வழி அதே காலத்தில் எடுத்துரைக்கப்பட்டது. தாமஸ் பெயின் என்பவர் 1797-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சிறு நூலில், பூமி ஆதியில் மனிதர் யாவருக்கும் பொதுவானது. அது தனிச்சொத்தான பின் நிலமுடையோர் மற்றவர்க்கு ஓர் ஈடு செலுத்தக் கடமைப்பட்டவர் என்று வாதித்தார். வாரிசுச் சொத்தின்மேல் வரி விதித்து ஒரு நிதி திரட்டி, 21 வயது அடைந்த ஒவ்வொருவருக்கும் 15 பவுனும், 50 வயதுக்கு மேற்பட்டோர்க்கு ஆண்டுதோறும் 10 பவுனும் கொடுக்கவேண்டுமென்பது அவருடைய யோசனை. ஏழை, செல்வர் என்ற பேதமின்றி யாவருக்கும் அதைக் கொடுக்கவேண்டுமென்றும், அது தருமமன்று, உரிமை என்றும் அவர் கூறினார்.

இன்று அடிப்படை வருமானம் எனப்படும் திட்டத்துக்கு ஐந்து இலக்கணங்கள் உள. அது ரொக்கமாகக் கொடுக்கப்படும். குறித்த காலத்தில் தவறாது கொடுக்கப்படும். குடும்பத்துக்கன்றி ஒவ்வோர் ஆளுக்கும் தனியே கொடுக்கப்படும். பாகுபாடின்றி யாவருக்கும் கொடுக்கப்படும். வேலை செய்யவேண்டும் அல்லது வேலை தேடவேண்டும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை. ஆகவே ஒருவர் கூலி கூடினாலும் குறைந்தாலும் இத்தொகை மாறாது. ஸ்பீனம்லாந்து முறைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுவே.

மத்தியப்பிரதேசத்தில் நடந்த பரீட்சை

கையில் பணம் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறிகளாவர் என்பது இதற்குக் கூறப்படும் முதல் ஆட்சேபம். இதை ஊகத்தால் முடிவு செய்யாமல் பரீட்சித்துப் பார்த்திருக்கின்றனர். மத்தியப்பிரதேசத்தில் 2011 முதல் 2012 வரையில் 'சேவா' என்னும் பெண் தொழிலாளர் சங்கத்தார் யூனிசெப் ஸ்தாபனத்தின் உதவியுடன் இதை நடத்தினர். எட்டுக் கிராமங்களில் குடியிருந்த ஒவ்வொருவருக்கும் நிபந்தனையின்றி மாதந்தோறும் பணம் கொடுக்கப்பட்டது. பெரியவர்களுக்குத் தொடக்கத்தில் 200 ரூபாயும் பின்னர் 300 ரூபாயும், குழந்தைகளுக்கு 100 ரூபாயும் பின்னர் 150 ரூபாயும் அளிக்கப்பட்டன. குழந்தைகளின் பங்கு தாயார் கையில் சேர்ந்தது. ஒப்பு நோக்கும்பொருட்டு, பணம் கொடுக்கப்படாத வேறு கிராமங்களும் கணக்கெடுக்கப்பட்டன. ஆதிவாசிக் கிராமம் ஒன்றிலும் இதே பரீட்சை நடைபெற்றது.

தொகை சிறியதேயாயினும் பலன் குறிப்பிடத்தக்கது. உணவும் குழந்தைகளின் உடல்நிலையும் சீர்ப்பட்டன. பள்ளிக்கூடச் செலவு கூடிற்று. கடன் சுமை தணிந்தது. ஆடு, கோழி முதலிய உயிர்ப்பொருள் பெருகிற்று. விவசாயிகள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. சிறு துண்டு நிலம் உடையவராயிருந்தும் விதைக்கும் உரத்துக்கும் கைப்பணமின்றிப் பிறர் வயலில் கூலிக்குச் சென்றவர்கள் தம் நிலத்திலேயே மிகுதியாக உழைக்கத் தொடங்கினர். இது ஆதிவாசிக் கிராமத்தில் தெளிவாகக் காணப்பட்டது. அவர்கள் உழைப்பைக் கைவிடவில்லை. உழைக்கும் இடத்தை மாற்றிக்கொண்டனர்.

பின்லாந்து தேசத்தில் 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வேலையற்றோர் 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ வீதம் கொடுத்துப் பார்த்தனர். வேலை கிடைத்த பின்னும் அத்தொகை நிறுத்தப்படவில்லை. அவர்கள் வேலை செய்த நாட்கள் மற்றவர்களுடையதினும் குறையவில்லை. சிறிது கூடவே இருந்தன. சோம்பல் வளரும் என்னும் அச்சத்துக்கு இவ்விரு பரீட்சைகளிலும் ஆதாரம் கிடைக்கவில்லை.

செலவு

இரண்டாவது ஆட்சேபம் செலவைப் பற்றியது, இது வலிமையுடையது. இந்திய அரசாங்கத்தின் 2016-17-ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கையில் இத்திட்டத்துக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கப்பட்டது. ஜனத்தொகையில் நூற்றுக்கு 75 பேருக்கு ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய் கொடுத்தால், தேசத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் நூற்றுக்கு 4.9 பங்கு செலவாகும் என்று அதில் கணக்கிடப்பட்டது. இதைச் சிறு தொகை என்று கூறமுடியாது. நடப்பிலுள்ள பல மானியங்களுக்குப் பதிலாகவே இதைக் கொண்டுவரவேண்டும் என்பது அவ்வறிக்கையின் போக்கு. ஆனால் ரேஷன் அரிசியை நிறுத்திவிட்டு ரொக்கம் கொடுத்தால், விலை ஏறுந்தோறும் அந்த ரொக்கத்தின் மதிப்பு குறையும். மத்தியப்பிரதேசப் பரீட்சையில் பணம் மற்ற உதவிகளுக்கு மேலாகவே கொடுக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது.

நிலத்துக்குக் கொடுப்பதும் ஆளுக்குக் கொடுப்பதும்

ரொக்க உதவி இத்தேசத்து விவசாயிகளுக்குப் புதியதன்று. 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் நிலமுடைய விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக வகுக்கப்பட்டது. தெலுங்கானா ராஜ்யத்தில் 2018-ஆம் ஆண்டில் ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு 4,000 ரூபாய் வீதம் கொடுக்கத் தொடங்கினர். இவை விவசாயிகளுக்கு உதவியானவையே. ஆயினும் யந்திரத்தால் கூலி இழந்தவருடைய பெயர் நிலப்பட்டாவில் இல்லை. ஏக்கர்க் கணக்கில் கொடுக்குமிடத்துப் பத்து ஏக்கர் உடையவருக்கு 40,000 ரூபாய்; ஓர் ஏக்கர் உடையவருக்கு 4,000 ரூபாய்; அறுவடைக்கு வந்துபோன பெண்ணுக்கு ஒன்றுமில்லை. பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவரும் அத்திட்டத்தில் சேரவில்லை.

இக்குறையை உணர்ந்து சத்தீஸ்கர் ராஜ்யத்தார் 2021-ஆம் ஆண்டில் நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் கொடுப்பதாக அறிவித்தனர். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கி, தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கப்பட்டது. வருமானம், நில அளவு முதலிய வரம்புகள் உள்ளமையால் இதை முழுமையான அடிப்படை வருமானம் என்று கூறமுடியாது. எனினும் இது நிலத்தைச் சார்ந்து வராமல் ஆளைச் சார்ந்து, பெண்ணின் கணக்கில் நேரே, மாதந்தோறும் வருவது. நடவும் களையும் அறுவடையும் பெண்களின் கையிலிருந்து நழுவிவரும் ஊர்களில் இத்தகைய ஏற்பாட்டின் பயன் எளிதில் விளங்கும்.

கிராமத்தார் செய்யவேண்டுவன

யாவருக்கும் உரிய அடிப்படை வருமானத்தைக் கொண்டுவருவது சர்க்காரின் காரியம். எனினும் ஊரளவில் செய்யத்தக்கவை சில உள.

1. ரொக்க உதவி வருகிறது என்பதைக் காட்டிக் கூலியைக் குறைத்தலாகாது. அவ்வாறு குறைப்பின் சர்க்கார் ஏழைக்குக் கொடுத்த பணம் முதலாளியின் பைக்கே திரும்பும். ஸ்பீனம்லாந்து முறையில் கண்ட தீங்கு இதுவே.

2. கிராம நிர்வாக அலுவலர்கள் தகுதிப் பட்டியலுக்கு விவரம் திரட்டும்பொழுது, பட்டா இல்லாதவர், குத்தகைக்கு உழுபவர், விதவைகள், தனித்து வாழும் முதியோர் ஆகியோர் விடுபடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். வங்கிக் கணக்கு இல்லாமையாலும் பெயர் எழுத்துப் பிழையாலும் உதவி தவறிப்போவதுண்டு. இவற்றைத் திருத்துவது ஒரு மனுவால் முடியும் காரியம்.

3. யந்திரம் இறங்க முடியாத சேற்று வயல்களையும் சிறு துண்டு வயல்களையும் வரப்போர அறுப்பையும் ஊர் ஆட்களுக்கே கொடுக்கலாம்.

4. அறுவடை யந்திரம், நடவு யந்திரம், வைக்கோல் கட்டும் யந்திரம் ஆகியவற்றை ஓட்டவும் பழுது பார்க்கவும் உள்ளூர் இளைஞர்களையும் பெண்களையும் பழக்கினால், கூலி முழுவதும் வெளியூருக்குச் செல்லாமல் ஒரு பகுதி ஊரிலேயே தங்கும்.

மாதம் சில நூறு ரூபாயோ ஆயிரம் ரூபாயோ இழந்த கூலி முழுவதற்கும் ஈடாகாது. ஆனால் வேலையற்ற மாதங்களில் வட்டிக்குக் கடன் வாங்காமல் அடுப்பெரிய அது போதுமானால், அக்குடும்பம் ஆடு வாங்கவும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும், குத்தகைக்குச் சிறிது நிலம் பிடிக்கவும் வலிமை பெறும். யந்திரத்தைத் தடுத்து நிறுத்திய தேசம் ஒன்றுமில்லை. அதன் லாபத்தைப் பங்கிடாமல் விட்ட தேசம் கலகத்தைக் கண்டது. மிச்சமாகும் செலவில் ஒரு சிறு பங்கு வரி வழியாக ஊராரிடமே திரும்பிச் சேருவதை நிலமுடையோர் நஷ்டமாக எண்ணவேண்டுவதில்லை. ஊரில் ஆட்கள் நிலைத்திருந்தால்தான் யந்திரத்தால் ஆகாத வேலைக்கும் ஆள் கிடைக்கும்.