குடலுக்குப் புண், மனத்துக்குப் பழி

சிகாகோவின் உளப்பகுப்பாய்வு மருத்துவர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் 1950-ல் ஒரு நூல் எழுதினார். உள்மனப் போராட்டத்தோடு பிணைந்தவை என்று ஏழு நோய்களை அவர் பார்த்தார். ஆஸ்துமா, உயர் ரத்த அழுத்தம் முதலியவற்றோடு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சியும் அவற்றில் இருந்தது. உணர்ச்சிக் கொந்தளிப்புக்கும் இந்த நோயின் ரத்தக் கழிச்சலுக்கும் அமெரிக்காவின் சிசில் முர்ரே 1930-லேயே முடிச்சுப் போட்டிருந்தார்.

விளைவு, நோயாளியின் குணமே நோய்க்குக் காரணமாயிற்று. முதிர்ச்சியற்றவர், கோபத்தை விழுங்குபவர், அம்மா முந்தானையை விடாதவர் என்றெல்லாம் மருத்துவக் கட்டுரைகள் அவரை வர்ணித்தன. வளர்த்த தாய்க்கும் பழி வந்தது. நோயாளிகள் வயிற்றுவலியோடு குற்ற உணர்ச்சியையும் சுமந்தார்கள்.

மருந்துகள் வேறு கதை சொல்லின. 1955-ல் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் கார்டிசோன் என்னும் ஸ்டீராய்டு இந்த அழற்சியைத் தணிப்பதை முறையான சோதனையில் காட்டினார்கள். 1990-ல் பழைய ஆய்வுகளை அலசிய ஓர் அமெரிக்கக் குழு, மனநோயே காரணம் என்றவற்றில் பெரும்பாலானவை ஆய்வுமுறையிலேயே ஓட்டையானவை என்று கண்டது. 2001-ல் இன்னொரு குடல் அழற்சி நோயான கிரோன் நோயோடு தொடர்புள்ள நாட்2 மரபணு தெரியவந்தது. மரபணு, நோயெதிர்ப்பு மண்டலம், குடல் நுண்ணுயிர்கள், சூழல் எல்லாம் சேர்ந்தே நோய் வருகிறது என்பது தெளிவானது.

மனத்தின் மேலிருந்த பழி நீங்கியது. கூடவே மனத்தின் மேலிருந்த அக்கறையும் நீங்கியது. கொலனோஸ்கோப்பி, ரத்தப் பரிசோதனை, மாத்திரை என்று சிகிச்சை சுருங்கியது.

இன்று அந்த அக்கறை வேறு வழியாகத் திரும்பியிருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வெளியான கணக்குப்படி, குடல் அழற்சி நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பதற்ற அறிகுறிகளும், நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகளும் உண்டு. நோய் தீவிரமாக இருக்கும்போது பதற்றம் பாதிப்பேருக்கு மேல் காணப்படுகிறது.

காரணம் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பஸ்ஸில் ஏறுமுன் வழியில் கழிப்பறை உண்டா என்ற கவலை. கல்யாணப் பந்தியில் உட்காரப் பயம். வரன் பேசும் வீட்டில் சொல்வதா மறைப்பதா என்ற தவிப்பு. போதாததற்கு, அழற்சி வேதிப்பொருள்கள் மூளையையும் தொடுகின்றன. ஸ்டீராய்டு மாத்திரை தூக்கத்தையும் மனநிலையையும் குலைக்கக்கூடும். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு நோய் மறுபடி தலைதூக்கும் வாய்ப்பு கூடுவதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. மனம் இந்த நோயை உண்டாக்கவில்லை. ஆனால் இருக்கிற நோயின் போக்கை மாற்ற அதற்கு வலு உண்டு.

அதனால் சில பெரிய மையங்களில் குடல்நோய் மருத்துவர், செவிலியர், உணவியல் வல்லுநரோடு உளவியலாளரும் ஒரே குழுவில் இருக்கிறார்கள். நம் ஊர் ஓ.பி. நெரிசலில் மனநிலையைப் பற்றிக் கேட்க டாக்டருக்கு நேரமில்லாமல் போகலாம். அடுத்த முறை போகும்போது எத்தனை தடவை வெளியே போனது என்று சொல்வதோடு, தூக்கம் வருகிறதா, வாழ்க்கை வெறுத்துப்போகிறதா என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இரவிலும் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி-மானஸ் இலவச எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.