மூச்சைக் கொடுத்துக் கல் எடுத்த தீவு!

ஜப்பான் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? புல்லட் ரயில், செர்ரிப் பூ, ஃபியூஜி மலை... சரிதானே? அதையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு வாருங்கள். கல்லையே நம்பி வாழ்ந்த ஒரு குட்டித் தீவுக்கு உங்களைக் கூட்டிப் போகிறோம்.

பெயர், கிதாகி. ஒகயாமா நகரிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் கசாவோகா வரும். அங்கே படகு ஏற வேண்டும். 'ஐயோ, கடல் பயணமா? எனக்குத் தலை சுத்துமே!' என்று பயப்படாதீர்கள். இது செட்டோ உள்நாட்டுக் கடல். சுற்றிலும் தீவுகள் அரண் போட்டிருப்பதால் பெரும்பாலும் அலை அடங்கியே இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் கரை சேர்ந்துவிடலாம்.

தீவின் பரப்பு சுமார் ஏழரை சதுர கிலோமீட்டர்தான். மேடும் பள்ளமுமான பாதை. ஆகவே செருப்பு வேண்டாம், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கையில் தண்ணீர் பாட்டிலும் இருக்கட்டும்.

கோட்டைக்கும் பேங்குக்கும் போன கல்!

இந்தத் தீவின் கிரானைட்டுக்கு ஜப்பானில் தனி மவுசு. 1620-களில் ஒசாகா கோட்டையைத் திரும்பக் கட்டியபோது இந்தப் பகுதித் தீவுகளிலிருந்துதான் பெரிய பெரிய கற்கள் கடல் வழியாகப் போயின. டோக்கியோவில் 1896-ல் கட்டி முடித்த ஜப்பான் மத்திய வங்கிக் கட்டடத்திலும் கிதாகிக் கல் இருக்கிறது. 1950-களில் இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட குவாரிகள் இயங்கின. இன்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

குவாரி ஒன்றில் பார்வையாளர்களுக்காக மேடை அமைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது நல்லது. மேடையில் நின்று கீழே எட்டிப் பாருங்கள்... அடேயப்பா! கத்தியால் கேக்கை வெட்டியதுபோல் நெட்டுக்குத்தாக இறங்குகிறது பாறை. தலைமுறை தலைமுறையாக மனுஷன் தோண்டிய பள்ளம் அது. கைவிட்ட குவாரிகளில் தண்ணீர் தேங்கி, பச்சை நிறக் குளங்களாகிவிட்டன. பார்க்க அத்தனை அழகு!

அந்தக் காலத்தில் மெஷின் ஏது? கல் எந்தப் பக்கம் பிளக்கும் என்று கண்ணாலேயே கணக்குப் போடுவார்கள். வரிசையாகத் துளை போட்டு, இரும்பு ஆப்புகளைச் செருகி, சம்மட்டியால் மாறி மாறி அடிப்பார்கள். அலுப்புத் தெரியாமல் இருக்கப் பாட்டு வேறு! அந்தக் கல் வெட்டும் பாட்டு இன்றும் தீவில் நிலைத்திருக்கிறது.

அழகுக்குப் பின்னால் ஒரு தூசி

'ஹெல்த் பத்திரிகையில் டூர் கட்டுரையா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. விஷயமே இனிமேல்தான்.

கிரானைட்டில் ஏறக்குறைய கால் பங்குக்கும் மேல் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. கல்லைத் துளைக்கும்போதும் அறுக்கும்போதும் அது தூளாகப் பறக்கிறது. கண்ணில் விழும் பெரிய தூசியைப் பற்றிக் கவலை இல்லை. தும்மினால் போய்விடும். கண்ணுக்கே தெரியாத நுண்தூசிதான் வில்லன்! அது நுரையீரலின் கடைசிக் காற்றுப் பை வரை போய் உட்கார்ந்துவிடும். அதை விழுங்கி ஒழிக்க வரும் செல்கள் தாங்களே செத்துப் போகின்றன. அங்கெல்லாம் தழும்பு கட்டுகிறது. தழும்பு ஏறிய நுரையீரல் எப்படி விரியும்? இதுதான் சிலிக்கோசிஸ்.

பத்துப் பதினைந்து வருஷம் ஒன்றும் தெரியாது. பிறகு மாடி ஏறினால் மூச்சு வாங்கும், வறட்டு இருமல் வரும். டி.பி. எளிதில் தொற்றும். நுரையீரல் புற்றுநோய்க்கும் சிலிக்காத் தூசி ஒரு காரணம் என்று 1997-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அறிவித்துவிட்டது. வந்த தழும்பை மாற்ற மருந்து கிடையாது. வராமல் தடுப்பது ஒன்றே வழி!

தூசி மட்டுமல்ல. துளை போடும் மெஷினைப் பிடித்துப் பிடித்து, குளிர் காலத்தில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோயும் கல் தொழிலாளிகளுக்கு உண்டு.

கல் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் ஜப்பான் 1960-ல் தூசி நுரையீரல் நோய்க்கென்றே தனிச் சட்டம் போட்டது. தூசியில் வேலை செய்கிறவருக்கு முதலாளி குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மார்பு எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

வீட்டு வாசலுக்கு வரும் கப்பல்

இன்று கிதாகியில் ஆயிரம் பேர்கூட இல்லை. பெரும்பாலும் வயதானவர்கள். இப்படிப்பட்ட தீவுகளில் இருப்பவர்கள் பெரிய டெஸ்ட் என்றால் எங்கே போவார்கள்? அதற்கும் வழி கண்டார்கள். 1962-ல் 'ஸாய்ஸேய் மாரு' என்ற மருத்துவக் கப்பலை இந்தக் கடலில் இறக்கினார்கள். எக்ஸ்ரே, ஈ.சி.ஜி. எல்லாம் கப்பலுக்குள்ளேயே! நோயாளி டாக்டரைத் தேடிப் போக முடியாவிட்டால், டாக்டர் கடல் தாண்டி வருகிறார். பழைய கப்பல்களுக்குப் பதிலாக 2014-ல் நான்காவது கப்பல் வந்தது.

நமக்கும் ஒரு சொந்தம்!

ஜப்பானியர்கள் குடும்பக் கல்லறைக்கு விரும்பி வாங்கும் கருங்கற்களில் ஒன்றின் பெயர் 'குன்னம்'. ஆமாம், நம் விழுப்புரம் பக்கத்துக் குன்னமேதான்! அங்கே பளபளக்கும் அந்தக் கல்லுக்குப் பின்னால் இங்கே ஒருவரின் நுரையீரல் இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ கல், டைல்ஸ் அறுக்கும் வேலைக்குப் போகிறவர் இருக்கிறாரா? இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்:

* உலர்ந்த கல்லை அறுக்க வேண்டாம். தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தால் தூசி பெருமளவு அடங்கிவிடும்.

* முகத்தில் துண்டு கட்டினால் போதாது. நுண்தூசி வடிகட்டும் மாஸ்க், முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும்.

* வேலை உடுப்பை உதறாதீர்கள். வீட்டுக்குள் கொண்டுவராமல், நனைத்துத் துவையுங்கள்.

* பீடி, சிகரெட் கூடவே கூடாது. ஏற்கெனவே அடிபட்ட நுரையீரலை அது இன்னும் சீக்கிரம் சாய்த்துவிடும்.

* இருமல் இருக்கிறதோ இல்லையோ, டாக்டரிடம் தொழிலைச் சொல்லி மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

கிதாகியின் பச்சைக் குளத்தை என்றாவது பார்க்கப் போனால், கரையில் நின்று ஆழமாக ஒரு மூச்சு இழுத்து விடுங்கள். அந்த ஒரு மூச்சுக்கு ஏங்கினவர்கள் வெட்டிய பள்ளம் அது!