பாதையில் யார் யாருக்கு வழிவிட வேண்டும்?

கண்டி ஹந்தானை மலையில் தொடங்கி ஹற்றன், ஹப்புத்தளை, எல்ல எனச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது 'பீக்கோ' நடைபாதை. 300 கிலோமீற்றருக்கும் அதிக நீளமான இப்பாதை 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பெரும்பாலும் இது புதிதாக வெட்டிய பாதையன்று. ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகளையும் காட்டுவழிகளையும் ஒற்றையடிப் பாதைகளையும் இணைத்து உருவாக்கியதாகும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக ரீதியாகத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் இவ்வழியிலேயே உள்ளது.

சென்ற விடுமுறையில் வாப்பாவுடனும் நாநாவுடனும் இதன் முதற் பகுதியில் நடந்தேன். பைனஸ் மரங்களுக்கிடையே சென்றபோது, வளைவொன்றில் சைக்கிள்கள் இரண்டு வேகமாக எங்களைக் கடந்து இறங்கின. "இந்தப் பாதையில சைக்கிளை விடவே கூடாது" என்றார் வாப்பா. "பாதை எல்லாருக்கும்தானே, வாப்பா" என்றார் சைக்கிள் பிரியரான நாநா. இருவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. எனவே, இரு தரப்பாரும் ஒரே பாதையைப் பயன்படுத்துவது எப்படி என்று தேடி வாசித்தேன்.

முதலில் வேகத்தை நோக்குவோம். நடப்பவர் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீற்றர் செல்வார். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் இறங்கும் சைக்கிள் ஒரு செக்கனில் ஐந்தரை மீற்றர் ஓடிவிடும். ஆளைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒரு செக்கன் எடுத்தால், அந்த ஐந்தரை மீற்றரும் கழிந்த பின்னரே வண்டியின் வேகம் குறையத் தொடங்கும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி நிற்பதற்கான தூரம் நான்கு மடங்காகும். ஈரமான இலைச்சருகும் சரளைக் கல்லும் கிடந்தால் அது இன்னும் கூடும்.

அடுத்தது சத்தம். மோட்டார் வாகனம் வருவது தொலைவிலேயே கேட்கும். சைக்கிள் அப்படியன்று. காற்றும் நீரோடையும் இரையும் இடத்தில் அது அருகே வரும்வரை தெரிவதில்லை.

இதனால்தான் பல நாடுகளில் சைக்கிளோட்டி நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்பது பொது வழக்கமாயிற்று. இங்கிலாந்தில் குதிரைகள் செல்வதற்குரிய கிராமப் பாதைகளில் சைக்கிள் ஓட்ட 1968ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. ஆனால், நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிளோட்டி வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையையும் அதே சட்டம் விதித்தது. உரிமையும் கடமையும் சேர்த்தே வழங்கப்பட்டன. தீங்கு செய்யும் ஆற்றல் யாரிடம் அதிகமோ, அவரிடமே பொறுப்பும் அதிகம் என்பதே இதன் அடிப்படை.

நடப்பவர்களுக்கும் கடமைகள் உண்டு. பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு வரிசையாக நடப்பதும், இரு காதுகளிலும் 'இயர்போன்' மாட்டிக்கொள்வதும் முறையன்று. சேற்றுக்குப் பயந்து ஓரத்தில் இறங்கி நடந்தால் செடிகள் மிதிபட்டுப் பாதை அகன்றுவிடும். சைக்கிளோட்டி சறுக்கிப் பிரேக் பிடித்தால் நிலத்தில் நீண்ட பள்ளம் விழும். அடுத்த மழையில் அப்பள்ளமே வாய்க்காலாகி மண்ணை அரித்துச் செல்லும். ஆகவே, கடும் மழைக்குப் பின் பாதையைச் சற்றுக் காயவிடுவது இரு தரப்பாருக்கும் நல்லது.

இவ்விரு தரப்பாரை விட முந்திய உரிமையுள்ள ஒருவரை நாங்கள் மறந்துவிடுகிறோம். எங்களுக்கு உல்லாசப் பாதையாகத் தெரிவது, தோட்டத்துப் பெண்ணுக்கு வேலைக்குப் போகும் பாதை. லயத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பாதை. கொழுந்து மூட்டையைத் தலையில் தாங்கி நிறுவைக்குச் செல்லும் பெண்ணால் சட்டென்று விலக முடியாது. ஒரு பக்கம் கான், மறுபக்கம் சரிவு. அவரைக் கண்டால் சைக்கிளோட்டி இறங்கி நிற்க வேண்டும். நடப்பவரும் ஒதுங்கி வழிவிட வேண்டும். அவருக்கு அது உழைப்பு நேரம், எங்களுக்கோ விடுமுறை.

நடைமுறையில் நினைவிற்கொள்ள வேண்டியவை சிலவே. வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்து மணியடிக்க வேண்டும். பின்னாலிருந்து வரும்போது தூரத்திலேயே குரல் கொடுத்து, பதில் கிடைத்த பின் கடக்க வேண்டும். இறங்கும் சைக்கிள், ஏறிவரும் சைக்கிளுக்கு இடமளிக்க வேண்டும். மணியோசை கேட்டால் நடப்பவர்கள் பதறி இரு பக்கமும் சிதறாமல், எல்லோரும் ஒரே பக்கமாக ஒதுங்க வேண்டும். பிள்ளைகளைக் கைப்பிடித்து உட்பக்கமாக நிறுத்துவது பெற்றோரின் பொறுப்பு.

இப்போது நாநா தமது சைக்கிளில் மணியொன்று பொருத்தியிருக்கிறார். அதன் ஓசை தெளிவாகக் கேட்கிறதா என்று வீட்டு வாசலில் நின்று பரிசோதித்தவர் வாப்பாதான். தடை போடாமலே ஒரு பாதையைப் பகிர்ந்துகொள்ளலாம். அதற்கு, வேகமாகச் செல்பவர் மெதுவாகச் செல்பவரை முதலில் நினைக்க வேண்டும்.