விசில் இல்லாத குக்கரில் பாசுமதி

பாசுமதிச் சோறு குழைந்து போவதற்கு முதல் காரணம் தண்ணீர், அடுத்த காரணம் அவசரம். எலக்ட்ரிக் பிரஷர் குக்கரில் இந்த இரண்டு தவறுகளும் உடனே தெரிந்துவிடும். மூடி பூட்டிக்கொண்ட பிறகு உள்ளே ஊற்றிய தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. இடையில் திறந்து பதம் பார்க்க முடியாது. மிஞ்சியதை வடிக்கவும் முடியாது. அதனால் பொலபொலவென்று உதிரும் சோறு வேண்டுமென்றால் கணக்கு முழுவதையும் மூடியைப் போடும் முன்பே முடித்துவிட வேண்டும்.

தேன் அபிஷேகத்துக்குப் பேர்போன அர்த்தநாரீசுவரர் கோயில் இருக்கும் ரிஷிவந்தியத்திலும், அதைச் சுற்றியுள்ள கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஊர்களிலும் சோறு என்றால் பெரும்பாலும் புழுங்கல் அரிசிச் சோறுதான். பொன்னியோ ரேஷன் அரிசியோ, உலை கொதித்ததும் களைந்த அரிசியைப் போட்டு, ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்து, பதம் வந்ததும் கஞ்சியை வடித்துவிடுவார்கள். இந்த முறையில் தண்ணீர் அளவைப் பற்றிய கவலையே இல்லை. கூடுதலாக இருப்பது வடிகஞ்சியோடு போய்விடும். அடுப்புக் குக்கர் வந்தபோது ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு இரண்டரை என்று ஒரு வாய்ப்பாடும், மூன்று விசில் என்ற கணக்கும் வந்தன. பிரியாணிக்கும் புலாவுக்கும் வாங்கி வரும் பாசுமதியை எலக்ட்ரிக் குக்கரில் போடும்போது இந்தப் பழக்கங்கள் எல்லாமே ஆளைக் கவிழ்த்துவிடும். வடிக்க வழியில்லை, இரண்டு பங்கு தண்ணீர் மிக அதிகம், விசிலோ அடிப்பதே இல்லை.

பாசுமதி தமிழ்நாட்டு வயலில் விளையும் அரிசி அல்ல. 2016-ல் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டபோது பஞ்சாப், ஹரியானா, டெல்லி, இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட் ஆகியவையும், உத்தரப்பிரதேசத்தின் மேற்குப் பகுதியும், ஜம்முவின் சில மாவட்டங்களும் மட்டுமே அதன் எல்லையாக வரையறுக்கப்பட்டன. இன்று கடைகளில் கிடைக்கும் மிக நீளமான பாசுமதி பலவும் டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா 1121 என்ற ரகம். வேகும் முன் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் நீளமுள்ள அதன் அரிசி, வெந்தபின் 15 முதல் 20 மில்லிமீட்டர் வரை நீளும். மற்ற அரிசிகள் வேகும்போது பக்கவாட்டிலும் பருக்கும்; பாசுமதி பெரும்பாலும் நீளவாக்கில்தான் வளரும். அதன் மணத்துக்குக் காரணம் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்னும் சேர்மம். இலங்கைச் சமையலில் போடும் ரம்பை இலையின் வாசனைக்கும் இதே சேர்மம்தான் காரணம். செயற்கை மணம் சேர்த்து விற்பதைத் தடுக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தர விதிகள் 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

அரிசி மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என இரண்டு வகை உண்டு. அமைலோபெக்டின் கூடினால் சோறு ஒட்டும். அமைலோஸ் கூடினால் பருக்கை தனித்தனியாக நிற்கும். பாசுமதியில் அமைலோஸ் 20 முதல் 25 விழுக்காடு. உதிரியாக வருவதற்கு இந்த அளவு போதும். ஆறிய பிறகு விறைத்துப் போகாமல் இருக்கவும் இதுவே ஏற்றது. நெல்லாகவோ அரிசியாகவோ ஓராண்டுக்கு மேல் இருப்பு வைத்துப் பழசாக்கிய பாசுமதி, புது அரிசியைவிட அதிகம் நீளும், குறைவாக ஒட்டும். பொன்னியில் ‘பழைய அரிசி இருக்கா?’ என்று கேட்டு வாங்குகிறவர்கள் பாசுமதிப் பையின் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அரிசி ஒன்றோடொன்று உரசும்போது மேலே படியும் மாவுதான் பசையின் முதல் ஊற்று. அதைக் களைந்து நீக்காவிட்டால் எவ்வளவு நல்ல பாசுமதியும் ஒட்டும். அழுத்தத்தில் அந்த மாவு நுரைத்துப் பொங்கி, ஆவி வெளியேறும் வால்வையும் அடைக்கும். அரிசி சமைக்கும்போது பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்று குக்கரோடு வரும் கையேடு சொல்வது இதனால்தான். களையும்போது கசக்கக் கூடாது. பாசுமதியின் நுனி மெல்லியது, முறிந்துவிடும். அகலமான பாத்திரத்தில் விரல்களால் மெதுவாகச் சுழற்றி நான்கைந்து தண்ணீர் மாற்றினால் கழனித் தண்ணீரின் வெள்ளை வெளுத்து, அடியில் கிடக்கும் அரிசி தெளிவாகத் தெரியத் தொடங்கும். அதுவே போதும், கண்ணாடி போலத் தெளிய வேண்டியதில்லை.

பிறகு 20 முதல் 30 நிமிடம் ஊற வேண்டும். கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் பச்சை அரிசி, ஊறியதும் பால்வெள்ளையாக மாறும். இரண்டு நகங்களுக்கு நடுவே அழுத்தினால் சுலபமாக ஒடியும். ஊறும்போது உள்ளே நுண்ணிய குறுக்கு வெடிப்புகள் உண்டாகி, நடுவரை ஈரம் போய்ச் சேர்கிறது. ஊறாத அரிசியில் மேல்பகுதி குழையும் நேரத்திலும் நடுவில் விதை விதையாக நிற்கும். அதைச் சரிசெய்ய நேரத்தைக் கூட்டினால் வெளிப்பகுதி வெடித்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறவிட்டால் வேகும்போது உடையும். ஊறிய அரிசியை வடிதட்டில் கொட்டி ஐந்து நிமிடம் தண்ணீர் வடியவிட வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், அடியில் தேங்கும் தண்ணீர் கணக்கைக் கெடுத்துவிடுகிறது.

இனி தண்ணீர். வெள்ளை அரிசி வேகுவதற்குத் தேவைப்படும் தண்ணீர் ஏறத்தாழ அதன் கன அளவுக்குச் சமம். திறந்த பாத்திரத்தில் இரண்டு பங்கு ஊற்றுவதில் பெரும்பகுதி ஆவியாகப் போய்விடும். அடுப்புக் குக்கரிலும் ஒவ்வொரு விசிலுக்கும் கொஞ்சம் நீர் வெளியேறும். எலக்ட்ரிக் குக்கரில் அழுத்தம் ஏறும்வரை வால்வின் ஓரமாகக் கசியும் சிறிதளவு ஆவி மட்டுமே இழப்பு. இரண்டு மூன்று மேசைக்கரண்டிக்கு மேல் போகாது. அரிசி இரண்டு கப்பானாலும் நான்கு கப்பானாலும் இந்த இழப்பு ஏறக்குறைய அதேதான். எனவே அரிசியை இரட்டிப்பாக்கும்போது இழப்புக்காக விட்ட தண்ணீரையும் இரட்டிப்பாக்கக் கூடாது. வீட்டில் நாலு பேருக்குச் சரியாக வந்த சோறு, விருந்தாளிகள் வந்த அன்று மட்டும் குழைந்து போவதன் ரகசியம் இதுதான்.

எண்ணிக்கையில் சொன்னால் இப்படி: 240 மில்லி லிட்டர் கப் ஒன்றில் சுமார் 190 கிராம் அரிசி பிடிக்கும். அரைமணி நேரம் ஊறும்போது அது தன் எடையில் கால்பங்கு வரை, அதாவது கிட்டத்தட்ட 50 மில்லி நீரைக் குடித்துவிடுகிறது. ஆகவே ஊறி வடிந்த அரிசிக்கு ஒரு கப்புக்கு முக்கால் கப் தண்ணீர். எல்லாவற்றுக்கும் சேர்த்து இழப்புக்கென மூன்று மேசைக்கரண்டி. இரண்டு கப் அரிசிக்கு ஒன்றேமுக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவாகவும், நான்கு கப்புக்கு மூன்றேகால் கப்பை ஒட்டியும் வரும். ஊறவைக்க நேரமில்லை, களைந்து உடனே போட வேண்டும் என்றால் கப்புக்குக் கப், கூடவே அதே மூன்று கரண்டி. முதல்முறை பார்க்கும்போது தண்ணீர் அரிசியைச் சரியாக மூடக்கூட இல்லையே என்று தோன்றும். அந்தப் பயத்தில் இன்னொரு அரை டம்ளர் ஊற்றுகிறவர்களுக்குத்தான் களி கிடைக்கிறது. அளக்கும் பாத்திரம் கப்போ, டம்ளரோ, ஆழாக்கோ எதுவாகவும் இருக்கலாம். அரிசிக்கும் தண்ணீருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மில்லிதான் பிடிக்கும். அதில் அரிசியை அளந்து, வேறு டம்ளரில் தண்ணீரை அளந்தால் கணக்கு தப்பும்.

ஒரு கப் அரிசி மட்டும் சமைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 6 லிட்டர் குக்கர் அழுத்தம் பிடிக்க ஒன்று முதல் ஒன்றரை கப் திரவமாவது வேண்டும். அப்போது அடியில் தண்ணீர் விட்டு, முக்காலி வைத்து, அதன்மேல் ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் அரிசியையும் அதற்குரிய தண்ணீரையும் வைப்பதே வழி. சூடு சுற்றி வருவதால் இரண்டு மூன்று நிமிடம் கூட்ட வேண்டும். ஒரு கரண்டி நெய்யோ எண்ணெயோ விட்டால் நுரை அடங்கும், பருக்கையின் மேல் மெல்லிய படலமும் பிடிக்கும். போர்த் தண்ணீர் காரத்தன்மை மிகுந்ததாக இருந்தால் சோறு லேசாக மஞ்சளிக்கும். அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்தால் வெண்மை காக்கப்படும். இரண்டுமே உதவிகள்தான், தண்ணீர்க் கணக்கை ஈடுகட்டாது.

அழுத்தத்தில் சமைக்கும் பாத்திரத்தை முதலில் செய்து காட்டியவர் பிரெஞ்சுக்காரரான டெனி பப்பான், அது 1679. இந்தியாவில் 1959 வாக்கில் பிரெஸ்டீஜ், ஹாக்கின்ஸ் குக்கர்கள் வந்து வீட்டுக்கு வீடு பரவின. மின்சாரத்தில் தானே அழுத்தத்தையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளும் குக்கருக்கு 1991-ல் சீனாவில் காப்புரிமை கோரப்பட்டது. 2010-ல் கனடாவில் அறிமுகமான இன்ஸ்டன்ட் பாட் அதை உலகமெங்கும் கொண்டு சேர்த்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று சோறும் சாம்பாரும் அதில்தான்.

அடுப்புக் குக்கரின் வெயிட் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் தூக்கும். உள்ளே 120 டிகிரி வெப்பம் இருக்கும். எலக்ட்ரிக் குக்கரின் உயர் அழுத்தம் 10 முதல் 12 பவுண்டுதான். வெப்பம் 115 டிகிரியைச் சற்றுத் தாண்டும். எனவே விசில் கணக்கை நிமிடமாக மாற்ற நேரடி வாய்ப்பாடு கிடையாது. ஊறிய பாசுமதிக்கு உயர் அழுத்தத்தில் 4 நிமிடம், ஊறாததற்கு 6 நிமிடம். அழுத்தம் ஏறும் நேரம் இதில் சேராது. மூடியின் சிறு பின் மேலே எழுந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். சில மாடல்களில் உள்ள ‘ரைஸ்’ பொத்தான் குறைந்த அழுத்தத்தில் 12 நிமிடம் வேகவைக்கும். ஊறிய பாசுமதிக்கு அது அதிகம்.

நேரம் முடிந்து குக்கர் கத்தியதும் ஆவியைத் திறந்துவிடுவதுதான் மேலே சொன்ன அவசரம். அழுத்தம் சட்டென்று இறங்கினால் உள்ளே 115 டிகிரியில் இருக்கும் நீர் முழுவதும் ஒரே நொடியில் கொதித்தெழும். பருக்கைக்குள் இருக்கும் ஈரமும் கூடத்தான். நீண்ட பருக்கை நடுவில் வெடித்து, நுனி சுருண்டு, வால்வு வழியே வெள்ளை நுரை தெறிக்கும். பத்து நிமிடம் கைவைக்காமல் விட்டால் வேக்காடும் மெல்லத் தொடரும், மேலிருக்கும் சோற்றுக்கும் அடியிலிருக்கும் சோற்றுக்கும் ஈரம் சமமாகும். பிரியாணிக்குத் தம் போடுவதன் பயன் இதுவே. பத்து நிமிடத்துக்குப் பிறகு மிஞ்சிய ஆவியை விடலாம். ‘வார்ம்’ நிலையை முதலிலேயே அணைத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் அடிச்சோறு காய்ந்து பொருக்குத் தட்டும்.

மூடியைத் திறந்ததும் கரண்டி போடக் கூடாது. சூடான பருக்கை மெத்தென்று இருக்கும், தொட்டால் உடையும். மூடியில் முத்துமுத்தாக நிற்கும் நீர் சோற்றில் சொட்டாமல் அப்படியே எடுத்து, ஐந்து நிமிடம் ஆவி போகவிட வேண்டும். சரியாக வெந்திருந்தால் மேற்பரப்பு சமமாக இருக்காது. பருக்கைகள் அங்கங்கே நட்டுக்குத்தலாக நிற்கும், நடுவே சிறு துளைகள் தெரியும். முள்கரண்டியாலோ தட்டைக் கரண்டியின் ஓரத்தாலோ விளிம்பிலிருந்து உள்நோக்கித் தூக்கிவிட்டு, அகலமான தட்டில் பரப்பினால் வேலை முடிந்தது.

ரிஷிவந்தியத்தின் சமவெளியில் பொருந்தும் இந்த நிமிடக் கணக்கு, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் போனால் சற்று மாறும். 3000 அடி உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்றுதான் அழுத்தத்தை அளக்கிறது. அதனால் உள்வெப்பமும் இரண்டு டிகிரி வரை இறங்கும். 4 நிமிடத்தை 5 ஆக்கினால் போதும், தண்ணீரைக் கூட்டத் தேவையில்லை. அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் விளைவிக்கும் சாமைக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதற்கு ஏறத்தாழ இரண்டு பங்கு நீர் வேண்டும். பிரியாணிக்குச் சீரகச் சம்பாவைப் பயன்படுத்தினால் பாசுமதியைவிடக் கொஞ்சம் கூடுதல் தண்ணீர். புழுக்கிய பாசுமதியான செல்லாவுக்குத் தண்ணீரும் நேரமும் இரண்டுமே கூட வேண்டும். எளிதில் உடையாது என்பதால் கல்யாணச் சமையல்காரர்கள் அதை விரும்புவார்கள்.

வோல்டேஜ் குறைவான ஊர்களில் அழுத்தம் ஏறத் தாமதமாகும், அவ்வளவுதான். வேகும் நேரம் மாறாது. வேகும் நடுவில் கரண்ட் போனால் பதற வேண்டாம். பின் மேலேயே நிற்கும்வரை உள்ளே சூடு இருக்கிறது. ஊறிய பாசுமதி அந்தச் சூட்டிலேயே கால்மணி நேரத்தில் பெரும்பாலும் வெந்துவிடும். 1000 வாட் குக்கரானாலும் ஒருமுறை சோறு வைக்கக் கால் யூனிட் அளவுதான் ஆகும்.

மிஞ்சிய சோற்றைக் குக்கரிலேயே விட்டுவைக்கக் கூடாது. வெதுவெதுப்பான சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா வேகமாகப் பெருகும். அது விட்டுச்செல்லும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. பரப்பி ஆறவைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் ஃபிரைடு ரைஸுக்கு அதைவிட நல்ல சோறு கிடையாது. மூடியின் ரப்பர் வளையம் மட்டும் கறிக்குழம்பு வாசனையை விடாமல் பிடித்துவைத்திருக்கும். பாசுமதியின் மணம் முக்கியம் என்று நினைப்பவர்கள் சோற்றுக்கென்று தனியாக ஒரு வளையம் வாங்கி வைத்துக்கொள்வது உண்டு.