நாற்காலி போட்டால் மட்டும் போதுமா?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தால் இரண்டு வகை உழைப்பு கண்ணில் படும். ஒன்று, ஜவுளிக்கடைகளில் நின்றுகொண்டே செய்யும் விற்பனை வேலை. இன்னொன்று, லாரியிலிருந்து தலைச்சுமையாகக் கடைக்குள் போகும் மூட்டை. பணிச்சூழலியல் என்றதும் கழக்கூட்டம் டெக்னோபார்க்கும் சுழல்நாற்காலியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். உடம்பை வேலைக்கு வளைக்காமல், வேலையை உடம்புக்குத் தக அமைக்கச் சொல்லும் இந்தத் துறைக்குக் கடைத்தெருவில்தான் வேலை அதிகம்.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் நின்றால் அந்தத் தள்ளல் குறைந்து, ரத்தம் காலிலேயே தேங்குகிறது. கால் வீக்கமும் வெரிகோஸ் எனும் நரம்புச் சுருட்டலும் இப்படி வரக்கூடும்; நெடுநேரம் நிற்பதால் இடுப்புவலியும் வருகிறது. யாரும் விழவில்லை, ரத்தம் சிந்தவில்லை என்பதால் விபத்துப் பதிவேட்டில் இவற்றுக்கு இடமில்லை.

நின்று வேலை செய்வோருக்கு உட்காரும் வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44-ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. அது ஆலைக்குத்தான், ஜவுளிக்கடைக்கு இல்லை. கோழிக்கோடு மிட்டாய்த்தெருவில் தையல் வேலை பார்த்த பி. விஜி, ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கி, கடைப் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டுப் போராடினார். பிறகு இருக்கையும் கேட்டார். 2018-இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. 2021-இல் தமிழ்நாடும் அதே வழியில் வந்தது. ஆலைக்கு வந்த உரிமை கடைக்கு வர எழுபது ஆண்டுகள்!

ஆனால் சட்டம் தருவது இருக்கையை மட்டுமே. மேசை இடுப்புயரம், ஸ்டூல் முழங்காலுயரம் என்றால் சேலையை விரிக்க ஒவ்வொரு முறையும் எழுந்துதான் ஆக வேண்டும். மேசைக்கேற்ற உயரமான ஸ்டூல், ஒரு காலை மாற்றி மாற்றி வைக்க ஒரு சிறு படி, நிற்குமிடத்தில் ரப்பர் விரிப்பு, கனத்த கட்டுகளை முழங்காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுகளில் அடுக்குவது: செலவு பெரிதில்லை, விளம்பரப் பலகைக்கு ஆகும் பணத்தில் ஒரு சிறு பங்கு.

மூட்டைக்கு வருவோம். வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடைக்கு உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்த வரம்பு 55 கிலோ. கேரளச் சுமைத் தொழிலாளர் சட்டத்தில் வெகுகாலம் 75 கிலோவாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்தான் 55-க்கு இறங்கியது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் கணக்கு இன்னும் கறாரானது: சுமை உடம்பை ஒட்டி, குனியாமல், திரும்பாமல் தூக்கினால்கூட 23 கிலோதான். எட்டத்திலிருந்து எடுத்தாலும், இடுப்பைத் திருப்பினாலும் அதுவும் குறையும். ஆகவே மூட்டையைச் சிறிதாகக் கட்டுவதும், லாரித் தட்டின் உயரத்துக்கு மேடை போட்டுத் தள்ளுவண்டியில் இறக்குவதும்தான் முதுகைக் காக்கும். ‘முதுகை நிமிர்த்தித் தூக்கு’ என்ற அறிவுரைக்கு அந்தப் பலன் இல்லை.

கடைக்காரர்களுக்கு ஒரு பயம் உண்டு: ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று. ஓணத்துக்கோ தீபாவளிக்கோ துணியெடுக்கப் போகும்போது, விற்பனைப் பெண் உட்கார்ந்தபடியே சேலையை விரித்துக் காட்டினால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலாளியிடம் புகாரும் சொல்லாதீர்கள்.